பணம் புகுந்த வீடு: கதைகளில் பேராசையும் குடும்பமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பக் கதைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் சொத்து, பங்கு, நகை என்று வந்து நிற்கிறது. வாசிப்பவர்களும் எழுதத் தொடங்கியிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதைகளின் முடிவுகளையும் சொல்லித்தான் பதில் எழுத முடிந்தது. முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கடைசிக் கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

பேராசைக்காரன் கதை என்றால் கஞ்சன் கதைதானே?

இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருக்கலாம், ஆனால் அவை வேறு வேறு. கஞ்சன் கையில் இருப்பதை விடமாட்டான். பேராசைக்காரனுக்குக் கையில் இருப்பது கண்ணிலேயே படாது, அடுத்தது மட்டும்தான் தெரியும். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் விவசாயி பாஹோம் கஞ்சன் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் கிழவர் கிராந்தே கஞ்சரும்தான், பேராசைக்காரரும்தான். இருவர் கதையும் கீழே வருகிறது. கஞ்சனை வைத்து மேடையில் நெடுங்காலமாகச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். பேராசைக்காரன் கதையில் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடுகிறது. அவன் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து எடுக்கத் தொடங்கிவிடுகிறான்.

இப்படிப்பட்ட கதையில் குடும்பம் ஏன் கட்டாயம் வந்துவிடுகிறது?

அந்நியனிடம் ஆசையைக் காட்டினால் அது திருட்டுக் கதை அல்லது வியாபாரக் கதை ஆகிவிடும். வீட்டுக்குள் காட்டும்போதுதான் ஒருவன் என்னவாக ஆகிவிட்டான் என்பது தெரிகிறது, ஏனென்றால் அவன் முன்பு எப்படி இருந்தான் என்று அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வள்ளுவரும் வெஃகாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டால் குடி கெடும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் குற்றம் வந்து சேரும் என்பதைச் சொல்கிறார். அந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ஓர் ஆள் மாறத் தொடங்கும் இடம் எது? அதை எழுத்தாளர்கள் எப்படிக் காட்டுகிறார்கள்?

டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய ‘ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?’ கதையை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசிக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். பஷ்கீர் மக்களின் புல்வெளியில் ஆயிரம் ரூபிள் கட்டினால் ஒரு நாளில் நடந்து வளைக்கிற நிலமெல்லாம் சொந்தம், ஆனால் சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பாஹோம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தூரமாகப் போய்விட்டு, திரும்பி ஓடிவந்து, எல்லையைத் தொட்டு, விழுந்து சாகிறான்.

நான் காட்ட விரும்புவது அதற்கு வெகு முன்னால் வரும் ஓர் இடம். பக்கத்து நிலக்கிழார் அம்மாள் நிலத்தை விற்கிறாள் என்று தெரிந்ததும் பாஹோமும் மனைவியும் பணம் புரட்டுகிறார்கள். கையில் நூறு ரூபிள் இருக்கிறது. குதிரைக்குட்டி ஒன்றை விற்கிறார்கள், தேனீக்களில் பாதியை விற்கிறார்கள். மகன்களில் ஒருவனைக் கூலிக்கு அனுப்பி அவன் சம்பளத்தை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்கள். மீதி மைத்துனனிடம் கடன். இவ்வளவும் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த மகனுக்குப் பெயர் இல்லை. அவனிடம் யாரும் கேட்டதாகவும் இல்லை. குதிரைக்குட்டி, தேனீ, மகன் என்று மூன்றும் ஒரே பட்டியலில் வருகின்றன. டால்ஸ்டாய் அங்கே ஒரு வார்த்தை கூடக் கண்டிக்கவில்லை, வாசகர்களில் பாதிப்பேர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

அப்புறம் நிலம் வருகிறது. முன்பு இவன் மாடு அந்த அம்மாளின் நிலத்தில் மேய்ந்ததற்காக அபராதம் கட்டி நொந்தவன். இப்போது தன் நிலத்தில் மேய்ந்த மாடுகளுக்காக அண்டை வீட்டுக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் வாங்குகிறான். இவனுக்கு நேற்று எப்படி வலித்தது என்பதை அதற்குள் மறந்துவிட்டான்.

இன்னொன்றையும் பாருங்கள். கதை தொடங்குவதே பாஹோமின் மனைவியும் அவள் அக்காவும் பேசுவதில்தான். நகர வாழ்க்கை உசத்தியா, கிராமம் உசத்தியா என்று இருவரும் வாதாடுகிறார்கள். அவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்த அந்த மனைவியின் குரல் நிலம் பெருகப் பெருகக் கேட்காமல் போகிறது. பஷ்கீர் நாட்டுக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டுவிட்டு வேலைக்காரனோடு கிளம்புகிறான். கடைசியில் குழி வெட்டிப் புதைப்பதும் அந்த வேலைக்காரன்தான். இந்தக் குடும்பத்தில் சண்டையே நடக்கவில்லை. கதையிலிருந்து குடும்பம் காணாமல் போய்விட்டது, அதை அவன் கவனிக்கவும் இல்லை.

“எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே” என்று சேர்ப்பவரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நல்ல கதைகள் எல்லாமே இந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன என்றே சொல்வேன். தான் பேராசைப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாரும் பேராசைப்படுவதில்லை. பொறுப்பு, பாசம், முன்யோசனை என்ற பெயரில்தான் அது வீட்டுக்குள் வருகிறது.

இதை மிகத் துல்லியமாகக் காட்டிய காட்சி, எனக்குத் தெரிந்து, ஜேன் ஆஸ்டினின் 1811-ஆம் ஆண்டு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் இரண்டாம் அத்தியாயம். சாகக் கிடக்கும் தந்தை, மூத்த தாரத்து மகன் ஜானிடம் தன் இரண்டாம் மனைவியையும் மூன்று பெண்களையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஜானும் வாக்குக் கொடுக்கிறான். அவன் கெட்டவன் இல்லை. தங்கைகளுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு, மொத்தம் மூவாயிரம் கொடுப்பது என்று மனதுக்குள் முடிவு செய்து, தன் தாராளத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்கிறான்.

பிறகு மனைவி ஃபேனி பேசுகிறாள். நம் பிள்ளை ஹாரியின் பணத்தை இப்படிப் பிடுங்கலாமா என்று தொடங்குகிறாள். சரி, ஆளுக்கு ஐந்நூறு போதும் என்கிறான் ஜான். அதுவும் எதற்கு என்கிறாள். அப்படியானால் தாயார் இருக்கும்வரை வருடத்துக்கு நூறு பவுண்டு கொடுக்கலாமே? வருடப்பணம் வாங்குகிறவர்கள் சாவதே இல்லை, வருடாவருடம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்கிறாள். அவ்வப்போது ஐம்பது பவுண்டு? அதுவும் அவசியமில்லை. கடைசியில், வீடு மாறும்போது சாமான் தூக்க உதவுவது, பருவத்துக்குப் பருவம் மீனோ வேட்டை இறைச்சியோ அனுப்புவது என்று முடிகிறது. அப்பாவும் இந்த அளவைத்தான் மனதில் வைத்துக் கேட்டிருப்பார் என்று ஜான் நிம்மதி அடைகிறான். அதற்குப் பிறகும் ஃபேனிக்கு மனசு ஆறவில்லை. அந்த விதவை எடுத்துப்போகும் பீங்கான் பாத்திரங்கள் இந்த வீட்டுப் பாத்திரங்களைவிட அழகு என்ற ஏக்கம் அவளுக்கு.

ஒரு சத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கீழே இறங்கிக்கொண்டே போகும் ஏலம் மாதிரி அந்தத் தொகை இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஜான் நியாயமாகத்தான் பேசுகிறான். நீங்கள் வேகமாகப் படித்தால் நீங்களும் ஓரிரு இடத்தில் தலையாட்டிவிடுவீர்கள். அந்த அத்தியாயத்தின் பலமே அதுதான்.

அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பு ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் இதே கணக்கை வாங்கும் பக்கத்தில் நின்று கேட்டான். ராஜ்யத்தை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தவன் தனக்கென்று வைத்துக்கொண்டது நூறு வீரர்களை. மூத்தவள் ஐம்பது போதும் என்கிறாள். அடுத்தவள் இருபத்தைந்துக்குமேல் இடமில்லை என்கிறாள். பத்து எதற்கு, ஐந்து எதற்கு என்று இறங்கி, ஒருவன்தான் எதற்கு என்பதில் வந்து நிற்கிறது. கொடுத்து முடித்த பெற்றோர் பிள்ளைகள் வீட்டில் எப்படிக் கூட்டல் கழித்தலாக மாறுகிறார்கள் என்பதை அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

பிள்ளைக்காக என்பதற்கு நம்மிடம் கைகேயி இருக்கிறாள். கம்பனில் இராமனுக்கு முடிசூட்டு என்று கூனி சொல்ல வந்ததும் கைகேயி மகிழ்ந்து அவளுக்கு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. பரதனின் எதிர்காலம் என்ற பேச்சு எடுபட்ட பிறகுதான் மனம் திரிகிறது. யாருக்காக எல்லாவற்றையும் கேட்டாளோ அந்தப் பரதனே அதைத் தொடமாட்டேன் என்று தாயை வெறுத்துப் பேசுகிறான். பிள்ளைக்காகச் சேர்க்கும் கதைகளில் பிள்ளையிடம் ஒரு முறையாவது கேட்டார்களா என்று பாருங்கள். பாஹோமின் மகனையும் கேட்கவில்லை, பரதனையும் கேட்கவில்லை.

சண்டை, அடிதடி இல்லாமல் உறவு முறிவதைக் காட்ட முடியுமா?

முடியும், அப்படிக் காட்டினால்தான் நெஞ்சில் நிற்கும். பால்சாக்கின் ‘யூஜெனி கிராந்தே’ (1833) இதற்கு ஒரு பாடப்புத்தகம். நான் அடிக்கடி திரும்பிப் போகிற நாவல்.

பிரான்ஸில் சோமூர் என்ற சிறு நகரம். கிராந்தே பீப்பாய் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலய நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது மனைவி வீட்டுப் பணத்தோடு திராட்சைத் தோட்டங்களை மலிவாக வாங்கிப் பெரும் பணக்காரர் ஆகிறார். ஆனால் வீட்டில் மாடிப்படி உடைந்தே கிடக்கிறது. அன்றன்றைக்கு ரொட்டியும் சர்க்கரையும் அவர் கையால் அளந்து கொடுக்க வேண்டும். சர்க்கரை விலை இறங்கிவிட்ட பிறகும் அவர் மனதில் அது பழைய விலையிலேயே நிற்கிறது. நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் கூடத்தில் கணப்பு மூட்டக்கூடாது, மார்ச் 31-க்கு மேல் எரியக்கூடாது, குளிரோ இல்லையோ. நாவலின் முதல் பகுதி முழுக்க இப்படிச் சின்னச் சின்ன அளவுகள்தான். மனைவிக்கும் மகளுக்கும் இது கொடுமை என்றே தெரியவில்லை. வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

மகள் யூஜெனிக்குத் தந்தை விசேஷ நாட்களில் அபூர்வமான தங்க நாணயங்களைக் கொடுப்பார். அவ்வப்போது எடுத்துவரச் சொல்லித் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதாவது கொடுத்தும் கொடுக்கவில்லை. யூஜெனியின் சித்தப்பா மகன் ஷார்ல் பாரிஸ்காரன். அவன் தந்தை கடனாளியாகித் தற்கொலை செய்துகொண்டதால் அநாதையாகிவிட்ட அவனுக்கு யூஜெனி அந்த நாணயங்கள் அத்தனையையும் கொடுத்துவிடுகிறாள். அவள் முதன்முதலாகத் தானாக முடிவெடுத்தது அப்போதுதான். புத்தாண்டு அன்று கிழவர் நாணயங்களைக் கேட்கிறார். இல்லை என்கிறாள். யாரிடம் கொடுத்தாய் என்றால் சொல்ல மறுக்கிறாள். அறையில் பூட்டி, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுக்க உத்தரவிடுகிறார். இதைத் தாங்காமல் தாய் படுக்கையில் விழுகிறாள்.

இதற்குப் பிறகு வருவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. கிழவர் சமாதானத்துக்கு வருகிறார். மனம் இளகியதால் இல்லை. மனைவி இறந்துபோனால் தாயின் பங்கை மகள் கேட்கலாம், சொத்தைப் பிரிக்க வேண்டிவரும் என்று நோட்டரி எடுத்துச் சொல்லிவிட்டார். பேசிச் சரிசெய்ய மாடிக்கு வந்தவர், ஷார்ல் யூஜெனியிடம் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன தங்கப் பேழையைக் கட்டிலில் பார்த்துவிடுகிறார். உடனே பாய்ந்து எடுத்து, தங்கத்தைக் கத்தியால் நெம்பப் போகிறார். மகள் இன்னொரு கத்தியை எடுத்துத் தன்னைக் குத்திக்கொள்வேன் என்கிறாள். தாய் மயங்கி விழுகிறாள். அப்போது அவர் கையை எடுப்பது பாசத்தாலா, மனைவி செத்தால் வரும் நஷ்டத்தாலா? பால்சாக் இரண்டையும் பிரிக்க முடியாதபடி எழுதியிருக்கிறார். அந்தக் கிழவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பேராசை ஒருவனைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தும் இடம் இதுதான்.

தாய் 1822-இல் இறக்கிறாள். துக்கம் ஆறுவதற்கு முன்பே நோட்டரி பத்திரத்தோடு வருகிறார். தாய்வழிப் பங்கு எனக்கு வேண்டாம் என்று யூஜெனி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். தந்தை அவளைக் கட்டிக்கொண்டு, நீ எனக்கு உயிர் கொடுத்தாய் என்கிறார். மாதம் நூறு பிராங்க் தருவதாகச் சொன்னவர், ஒரு வருடமாகியும் ஒரு காசு தரவில்லை.

அந்தக் கையெழுத்துக் காட்சி நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதே?

ஆமாம். விடுதலைப் பத்திரம் என்று நாம் சொல்வதும் அதைத்தான். கூடப்பிறந்தவனுக்காகப் பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும், போடாவிட்டால் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டுப்போவதும் நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-இல் வந்த திருத்தச் சட்டம், அதற்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-இல் அதே வாரிசுரிமைச் சட்டம் மத்தியில் திருத்தப்பட்டு மகளுக்குச் சம உரிமை வந்தது. உரிமை வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் காரில் அண்ணனும் தங்கையும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏழை அதிகம் வேண்டுவது பேராசையா?

இல்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிடும் கதைகள் ஏழையைப் பார்த்து “உள்ளதே போதும்” என்று உபதேசம் செய்வதாக ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது.

ஸ்டைன்பெக்கின் ‘முத்து’ (1947) நாவலில் மெக்ஸிகோவின் லா பாஸ் கரையில் முத்துக்குளிக்கும் கீனோ என்ன கேட்கிறான்? கைக்குழந்தை கோயோத்தித்தோவைத் தேள் கொட்டியது. காசில்லை என்பதால் டாக்டர் பார்க்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பெரிய முத்து கிடைக்கிறது. மனைவி ஹுவானாவைச் சர்ச்சில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், புதுத்துணி வேண்டும், பிள்ளை எழுதப் படிக்க வேண்டும், தனக்கு ஒரு துப்பாக்கி. இதில் எது பேராசை? முத்து வியாபாரிகள் எல்லோரும் ஒரே முதலாளியின் ஆட்கள், கூடிப்பேசி விலையை அடித்துக் கேட்கிறார்கள். அங்கே பேராசை அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இரவுகளில் ஏதோ ஒன்று கீனோவுக்குள்ளும் நடக்கிறது. இந்த முத்து கெட்டது, நம்மை அழித்துவிடும் என்று ஹுவானா அதைக் கடலில் எறியப் போகும்போது துரத்திப் பிடித்து முகத்தில் அடிக்கிறான், உதைக்கிறான். பிள்ளைக்கும் மனைவிக்கும் வேண்டும் என்று கிடைத்ததை, மனைவியை அடித்துத் தக்கவைத்துக்கொள்கிறான். தேவை பேராசையாக மாறும் கணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. தொகையை வைத்து அளந்தால் அது பிடிபடாது. கடைசியில் துரத்தி வந்தவர்களின் குண்டுக்குப் பிள்ளை பலியாகிறான். இருவரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். வழக்கமாக அவன் முன்னால், அவள் பின்னால் நடப்பார்கள். இப்போது பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருகிறார்கள்.

வில்லனே இல்லாமல் இப்படிக் கதை எழுத முடியுமா?

தாராளமாக. விவேக் ஷான்பாகின் கன்னடக் குறுநாவல் ‘காச்சர் கோச்சர்’ இதற்கு நல்ல உதாரணம். பெங்களூருவில் எறும்பு மொய்க்கும் சிறு வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பம், சித்தப்பா தொடங்கிய மசாலா வியாபாரத்தால் திடீரென்று பணக்காரக் குடும்பம் ஆகிறது. முன்பு அப்பாவின் விற்பனைக் கணக்கு இடித்த ராத்திரியில் வீடே உட்கார்ந்து ரசீதுகளைச் சரிபார்க்கும். அப்பாவின் கணக்கு எல்லோருடைய கணக்காக இருந்தது. பணம் வந்த பிறகு, கம்பெனியில் பாதிப் பங்கு அப்பாவிடம் இருக்கிறதே, அதை அவர் என்ன செய்வாரோ என்ற பயம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சம்பாதிக்கும் சித்தப்பாவுக்கு நல்ல சாப்பாடு, அவர் மனம் கோணாமல் பேச்சு. சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் குழம்புப் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தபோது, யார் என்ன என்று விசாரிக்காமலே அவளை அவமானப்படுத்தி விரட்டுகிறார்கள். இதைத் தட்டிக்கேட்பவள் வெளியிலிருந்து வந்த மருமகள் அனிதா மட்டும்தான். கதை சொல்லும் கணவன் வாய் திறக்கவில்லை. அவனுக்கு வேலை செய்யாமலே சம்பளம் வருகிறது.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் ஒருவரையொருவர் பாதுகாக்கிறார்கள். அந்த ஒற்றுமையைத்தான் நான் அந்த நூலில் மிகவும் பயங்கரமானதாக உணர்ந்தேன். பேராசை குடும்பத்தை எப்போதும் பிரிக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். சில வீடுகளில் அது எல்லோரையும் இறுக்கிக் கட்டிவிடுகிறது, ஒத்துவராத ஆளை வெளியே தள்ளிவிட்டு.

தமிழில் பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’ (1991) வேறு பக்கத்திலிருந்து வருகிறது. காலனி கட்டுவதற்காக நிலம் பறிபோகிறது. கைக்கு வந்த பணமும் நகரத்து வாழ்க்கையும் சேர்ந்து ஒரு விவசாயக் குடும்பத்தைக் கலைத்துப்போடுகின்றன. அங்கே ஆசையைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. உழுது பிழைத்தவர்களுக்கு நிலம் போன பிறகு உறவுகளைக் கட்டிவைக்க வேறு கயிறு இல்லை.

பெரும்பாலும் பெண்தான் தூண்டிவிடுகிறாள் என்று காட்டுகிறார்களே?

உண்மைதான், இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். கூனி, கைகேயி, ஃபேனி என்று வரிசை நீளம். வீட்டைக் கெடுத்தவள் மருமகள் என்ற நம் ஊர்ப் பேச்சும், தொலைக்காட்சித் தொடர்கள் பலவும் இதையே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் ஆஸ்டின் ஜானைத் தப்பவிடவில்லை. கடைசிக் குறைப்பைத் தவிர மற்ற ஒவ்வொன்றையும் தன் வாயால் முன்மொழிகிறவன் அவன்தான். ஃபேனி அவனுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே போகிறாள். ஹுவானாவும் யூஜெனியின் தாயும் ஆபத்தை முதலில் உணர்கிற பெண்கள். சொத்தில் உரிமை இல்லாதவர்களுக்குச் சொல்லி நடத்துவது ஒன்றுதான் வழியாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

பேராசைக்காரர் மனம் திருந்துவதை நம்பும்படி எழுத முடியுமா?

கடினம். ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜ் ஒரே ராத்திரியில் திருந்துவதை டிக்கன்ஸ் ஆவிகளின் உதவியால் சாதித்தார், அது கிறிஸ்துமஸ் கதை என்பதால் ஏற்றுக்கொள்கிறோம். ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ (1861) எனக்கு இன்னும் நெருக்கம். நெசவாளி மார்னர் பதினைந்து வருடமாகத் தங்கக் காசுகளை இரவில் எண்ணிக்கொண்டு தனியே வாழ்கிறான். காசு திருட்டுப்போகிறது. ஒரு புத்தாண்டு இரவில் தாயை இழந்த ஒரு குழந்தை தானாகத் தத்தித் தத்தி நடந்து வந்து அவன் கணப்பருகே படுத்துவிடுகிறது. அதன் பொன்னிற முடியைத் தன் தங்கம் என்றே நினைத்துக் கைநீட்டுகிறான். அவனுக்குப் புத்திமதி சொல்லி யாரும் திருத்தவில்லை. கைக்கு வேறு வேலை வந்துவிட்டது, குழந்தைக்குச் சோறூட்ட வேண்டும், தேடிப்பிடிக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் யோசனை கேட்க வேண்டும். பதினாறு வருடம் கழித்து பெற்ற தந்தை வசதியோடு வந்து கூப்பிட்டபோது அந்தப் பெண் எப்பி போக மறுக்கிறாள்.

கிராந்தேக்கு அப்படி ஒரு மாற்றமும் இல்லை. சாகும் நேரத்தில் பாதிரியார் முத்தமிடக் காட்டிய பொன்முலாம் சிலுவையைப் பறிக்கக் கை நீட்டுகிறார். அதைவிட வருத்தமானது மகளின் கதி. தந்தை போன பிறகு பெரும் செல்வத்துக்கு உரியவளான யூஜெனி, தந்தை அனுமதித்த தேதிகளில் மட்டுமே கணப்பு மூட்டி வாழ்கிறாள். தர்மங்கள் செய்கிறாள், அவள் மனம் பெரியது. ஆனால் குளிரில் உட்கார்ந்திருக்கப் பழக்கிய வீடு அவளைவிட்டுப் போகவில்லை.

நானும் இப்படி ஒரு குடும்பக் கதை எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பங்கு பிரிக்கும் பஞ்சாயத்துக் காட்சியில் தொடங்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரிந்த காட்சி, கத்தல்தான் மிஞ்சும். அதற்குப் பத்து வருடம் முன்னால் போங்கள். அந்த வீட்டில் எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணுவதில்லை என்று பாருங்கள். பீரோச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அது எப்போது கைமாறியது? தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட பவுன் கணக்கு யாருக்கு மனப்பாடம்? யார் எதை யாரிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்? மாற்றம் பேச்சில் தெரிவதற்கு முன் பேசாமல் விட்டதில் தெரியும்.

ஆசைப்படுகிறவருக்கு ஒரு நல்ல காரணம் கொடுங்கள், வாசகர் மறுக்க முடியாத காரணம். கடனில் நொடிந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர், மருந்துக்குக் காசில்லாமல் ஒருவரை இழந்தவர். அந்தக் காரணம் உண்மையாக இருக்கட்டும், கடைசிவரை உண்மையாகவே இருக்கட்டும். அப்புறம் தொகைகளை எழுதத் தயங்காதீர்கள். “நிறையப் பணம்” என்றால் ஒன்றும் தெரியாது. மூவாயிரம் எப்படி மீனும் இறைச்சியும் ஆனது என்பது எண்களால்தான் வலிக்கிறது. எந்த வருடம், எந்த ஊர், சென்ட் என்ன விலை என்று விசாரித்து எழுதுங்கள்.

இவற்றில் எதை முதலில் படிக்கலாம்?

நேரம் குறைவு என்றால் டால்ஸ்டாய். ஒரே மூச்சில் முடித்துவிடலாம், தமிழிலும் கிடைக்கிறது. அடுத்து ‘காச்சர் கோச்சர்’, அதுவும் ஒரு மாலையில் முடியும் நூல். ஆஸ்டினில் அந்த இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் தனியாகப் படித்தாலும் பலன் உண்டு. வீட்டில் இருவர் இருந்தால் ஜானும் ஃபேனியுமாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘யூஜெனி கிராந்தே’யின் தொடக்கம் ஊரையும் வீட்டையும் விவரித்தே நகரும். பொறுமையாகப் படியுங்கள், அந்த உடைந்த மாடிப்படியைத் தாண்டிவிடாதீர்கள். ‘முத்து’வை மனம் கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் எடுங்கள்.